கிடாருக்கு மோட்டார் வைத்தவர்கள்

சென்ற இதழில் தட்டச்சு இயந்திரத்தின் வரலாற்றை எழுதியபோது நம் குடியிருப்பில் பலர் கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டு பேர் பரணிலிருந்து பழைய ரெமிங்டனை இறக்கித் துடைத்து, படம் எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை கிடார். எனக்கும் கிடாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாசிக்கத் தெரியாது. கேட்கத் தெரியும், கணக்குப் பார்க்கத் தெரியும். இந்தக் கதையில் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

சனிக்கிழமை மாலைகளில் நம் கிளப் ஹவுஸில் கிடார் வகுப்பு நடப்பது உங்களுக்குத் தெரியும். அதில் பெண்ணைச் சேர்த்திருக்கும் ஒரு அம்மா லிஃப்டில் என்னிடம் கேட்டார்: “அங்கிள், இதெல்லாம் இனிமே மெஷினே வாசிச்சிடுமாமே. இவ்வளவு ஃபீஸ் கட்டிக் கத்துக்குடுத்து என்ன பிரயோஜனம்?” நான்காவது மாடி வருவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இதற்கு இல்லை. கிடாரோடு இயந்திரத்தைச் சேர்க்கும் முயற்சி நேற்று ஆரம்பித்ததும் இல்லை. அதற்கு எண்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அதில் பணம் போட்டவர்கள் இருக்கிறார்கள், பணத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள், புகழின் உச்சியில் இருந்த குழுவையே விட்டு வெளியேறியவர்களும் இருக்கிறார்கள்.

1930களில் அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசை மோகம் பிடித்திருந்தது. ஹவாய் கிடாரை மடியில் கிடத்தி, கம்பிகளின் மேல் ஒரு எஃகுத் துண்டை வழுக்கிக்கொண்டே வாசிப்பார்கள். ஸ்வரங்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழுகிப் போகும். நின்ற இடத்திலும் லேசாக நடுங்கும். கமகம் கேட்டுப் பழகிய நம் காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சாதாரண கிடாரை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர்களுக்கு இந்த நடுக்கம் கைக்கு எளிதில் வரவில்லை. ரிக்கன்பேக்கர் நிறுவனம் 1937ல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. பேக்லைட்டில் செய்த கிடாரின் வயிற்றுக்குள் ஒரு மின்மோட்டாரையும் கப்பிகளையும் வைத்து, கம்பிகளின் கடைசி முனை கட்டியிருக்கும் பாகத்தை அது முன்னும் பின்னும் ஆட்டும்படி செய்தார்கள். பேக்லைட் என்றால் நம் பழைய வீடுகளில் இருந்த கறுப்பு ஸ்விட்சுகள் செய்த அதே பொருள்தான். கம்பி இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து, ஒலி நடுங்கும். வடிவமைத்தவர் டாக் காஃப்மன். கருவியின் பெயர் வைப்ரோலா.

கனம்தான் சிக்கல். தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்க முடியாத அளவு கனம் என்பதால் ஒலிபெருக்கியோடு ஒரு தாங்கியைச் சேர்த்து, அதில் கிடாரைப் பொருத்திக் கொடுத்தார்கள். மொத்தம் சுமார் 90 கிடார்கள்தான் செய்யப்பட்டன. என் பார்வையில் கனத்தைவிடப் பெரிய குறை வேறு. மோட்டாரின் ஆட்டம் மோட்டாருடையது. சோகமான பாட்டு என்று அது நிதானிக்காது, குதூகலம் என்று வேகம் எடுக்காது. இதே காஃப்மன் இதற்கு முன்பே, கையால் அசைக்கும் நெம்புகோல் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மோட்டார் காணாமல் போனது, நெம்புகோல் பிழைத்தது. 1954ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அதே எண்ணத்தில் ஒரு கைப்பிடி இருந்தது. இன்று நம் கிளப் ஹவுஸுக்கு வரும் பையன்களின் எலெக்ட்ரிக் கிடார்களிலும் அப்படி ஒன்று தொங்குகிறது, கவனித்துப் பாருங்கள்.

காஃப்மன் பெயரை இன்னொரு இடத்திலும் பார்க்கலாம். 1945ல் லியோ ஃபெண்டரோடு கூட்டுச் சேர்ந்து கே அண்டு எஃப் என்ற பெயரில் கிடார் தொழில் தொடங்கியவர் இவர்தான். மறு வருடமே விலகிவிட்டார். தொழிலைப் பெரிதாக்க ஃபெண்டர் கடன் வாங்கப் பார்த்தார். இவருக்குக் கடன் என்றால் பயம். பங்குதாரர் ஒருவர் ஓவர்டிராஃப்ட் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருக்க, இன்னொருவர் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்து போவதை நானே எத்தனையோ முறை கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஃபெண்டர் என்ற பெயர் உலகம் முழுக்கத் தெரியும். காஃப்மன் பெயரை இந்த மாதிரிக் கட்டுரைகளில்தான் தேட வேண்டும்.

அடுத்த பெரிய முயற்சி இங்கிலாந்தில். டென் சிசி என்று 1970களில் கொடிகட்டிப் பறந்த ஒரு பாப் குழு. நான்கு பேர். அதில் கெவின் காட்லி, லால் கிரீம் என்ற இருவர் ஓவியக் கல்லூரி ஆட்கள். எப்போதும் எதையாவது குடைந்துகொண்டே இருப்பவர்கள். ஸ்டூடியோவில் வயலின் கோஷ்டி ஒன்றைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் ஆகும் செலவு அவர்களை உறுத்தியது. கிடாரிலும் கம்பிதானே இருக்கிறது, அதை வயலின் போல இழுத்து வாசிக்க முடிந்தால்? கிடாரின் கம்பி ஒரு தடவை மீட்டியதும் ஒலித்து, தேய்ந்து, அடங்கிவிடும். வில் போட்டு இழுக்கும் வயலினில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் கிடாரின் ஆறு கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருப்பதால் வில்லால் ஒரு கம்பியை மட்டும் தனியாகத் தொட முடியாது.

அவர்கள் கண்டுபிடித்த பெட்டிக்கு கிஸ்மோ என்று பெயர். கடைக்கு வந்தபோது கிஸ்மோட்ரான். கிடாரின் உடலில், கம்பிகள் தாங்கி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதைப் பொருத்த வேண்டும். உள்ளே ஒரு சின்ன மோட்டார், அது சுழற்றும் ஆறு குட்டிப் பிளாஸ்டிக் சக்கரங்கள். சக்கரத்தின் விளிம்பு ரம்பப் பல் போல இருக்கும். மேலே ஆறு சாவிகள். ஒரு சாவியை அழுத்தினால் அதற்குரிய சக்கரம் இறங்கி, கம்பியை உரசிக்கொண்டே இருக்கும். அழுத்தியிருக்கும்வரை ஒலி நிற்காது. ஆறையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வயலின் கோஷ்டியே எழுந்து நின்ற மாதிரி கேட்கும் என்பது எண்ணம். சாணை பிடிப்பவரின் சக்கரத்தில் கத்தி உரசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே நாலு அங்குலத்துக்குள் இனிமையாகச் செய்ய வேண்டும்.

1976ல் காட்லியும் கிரீமும் குழுவை விட்டு வெளியேறினார்கள். முந்தைய வருடம்தான் டென் சிசியின் பாட்டு ஒன்று இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது. நல்ல வருமானம் வரும் நேரம். இந்தப் பெட்டியின் திறமையைக் காட்ட ஒரு சிறு இசைத்தட்டு போடலாம் என்றுதான் உட்கார்ந்தார்கள். அது வளர்ந்து வளர்ந்து, ஒரு வருடத்துக்கும் மேல் ஸ்டூடியோவிலேயே கிடந்து, 1977ல் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட ‘கான்சிக்வென்சஸ்’ என்ற தொகுப்பாக வெளிவந்தது. நகைச்சுவை நடிகர் பீட்டர் குக்கின் வசனம், ஜாஸ் பாடகி சாரா வானின் பாட்டு எல்லாம் அதில் உண்டு. வந்த நேரம் சரியில்லை. மூன்றே நிமிடத்தில் மூன்று கார்டை அடித்துக் கத்திவிட்டுப் போகும் பங்க் இசை இங்கிலாந்தைப் பிடித்திருந்த வருடம் அது. மூன்று தட்டு வாங்கிப் பொறுமையாகக் கேட்க ஆள் இல்லை.

கருவியைத் தயாரித்து விற்க முன்வந்தது அமெரிக்காவின் மியூசிட்ரானிக்ஸ் நிறுவனத்தை நடத்தியவர்கள். மியூட்ரான் என்ற ஒலிப்பெட்டியால் அதற்கு நல்ல பெயர் இருந்தது. நன்றாக விற்றுக்கொண்டிருந்த மியூட்ரானை ஏ.ஆர்.பி. என்ற சிந்தசைசர் நிறுவனத்துக்கு ராயல்டி அடிப்படையில் கொடுத்துவிட்டு, முழுக் கவனத்தையும் கிஸ்மோவில் வைத்தார்கள். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த எவருக்கும் இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும். நிச்சய வருமானம் ஒன்றை, கைக்கு வர வேண்டிய ராயல்டியாக மாற்றிவிட்டு, சந்தையில் சோதிக்கப்படாத ஒரு பொருளின் மேல் மொத்தத்தையும் வைப்பது. 1979ல் கிஸ்மோட்ரான் கடைக்கு வந்தது. மிக நுணுக்கமாகச் சரிசெய்தால்தான் வேலை செய்தது. வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் பிளாஸ்டிக் சக்கரங்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஏ.ஆர்.பி. 1981ல் திவால். கிஸ்மோவும் அந்தக் காலத்திலேயே முடிந்தது.

லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ் 1979ல் ஒரு பாட்டின் தொடக்கத்தில் இந்தக் கருவியை வாசித்திருக்கிறார். இருண்ட கிணற்றுக்குள்ளிருந்து எழும் ஓசை மாதிரி இருக்கும். கண்டுபிடித்தவர்கள் நினைத்த வயலின் கோஷ்டி அது இல்லைதான். ஆனால் கிடாரிலிருந்து அதற்குமுன் வராத ஓசை.

காட்லியும் கிரீமும் என்ன ஆனார்கள்? இசை வீடியோ இயக்குநர்கள் ஆனார்கள், அதிலும் கொடிகட்டினார்கள். 1983ல் ஹெர்பி ஹான்காக்கின் ‘ராக்கிட்’ பாட்டுக்கு அவர்கள் எடுத்த வீடியோவில் வீடு முழுக்கக் காலை உதைத்துக்கொண்டும் தலையை ஆட்டிக்கொண்டும் இருப்பவை ஜிம் வைட்டிங் செய்த இயந்திர பொம்மைகள். அது மறு வருடம் எம்டிவியில் ஐந்து விருது வாங்கியது. இயந்திரம் கிடாரில் கைகொடுக்கவில்லை, திரையில் கொடுத்தது.

இதே பிரச்சினைக்கு அமெரிக்காவில் கிரெக் ஹீட் என்பவர் கண்ட தீர்வு 1976ல் விற்பனைக்கு வந்தது. ஈபோ என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு 9 வோல்ட் பேட்டரி. சக்கரம் கிடையாது, உரசல் கிடையாது. ஒரு சுருள் கம்பியின் அதிர்வை உணரும். அதைப் பெருக்கி இன்னொரு சுருளுக்கு அனுப்பினால் அது காந்தப் புலத்தால் கம்பியை அதே தாளத்தில் இழுத்து விடும். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுகிறோமே, அதுதான் தத்துவம். ஒரு நேரத்தில் ஒரு கம்பிதான். அசையும் பாகமே இல்லாததால் தேய்மானமும் இல்லை, இன்றுவரை விற்கிறது. கனடாக்காரர் மைக்கேல் புரூக் இதே வழியில் மேலும் போய், கிடாருக்குள்ளேயே மின்சுற்றை வைத்து ‘முடிவிலா கிடார்’ ஒன்றைச் செய்தார். யூ2 குழுவின் எட்ஜ் 1987ல் அதை வாசித்தது உலகப் புகழ் பெற்றது. நமக்கு இவர் வேறு வகையில் உறவு. மாண்டலின் ஸ்ரீனிவாஸோடு சேர்ந்து ‘ட்ரீம்’ என்ற தொகுப்பை 1995ல் வெளியிட்டவர் இந்தப் புரூக்தான். ஒலி சட்டென்று அடங்கிவிடும் மாண்டலினுக்குப் பக்கத்தில் ஒலி அடங்காத கிடார். பொருத்தமான ஜோடி என்று எனக்குத் தோன்றும்.

இனி சுருதி சேர்ப்பது. கச்சேரிக்குப் போகிறவர்கள் அறிவார்கள்: பாதியில் தந்தி இறங்கிவிட்டால் வித்வான் குனிந்து பிரடையைத் திருக ஆரம்பிப்பார், நாம் காபி பற்றி யோசிக்க ஆரம்பிப்போம். கிடாரில் இன்னொரு சங்கடமும் உண்டு. சில பாட்டுக்கு ஆறு கம்பிகளையும் வேறு வேறு சுருதிக்கு மாற்ற வேண்டும். அதனாலேயே பெரிய கலைஞர்கள் மேடைக்குப் பின்னால் பத்துப் பதினைந்து கிடாரை வரிசையாக நிறுத்திவைப்பார்கள். அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த நீல் ஸ்கின் மோட்டாரும் கணினியும் கொண்டு தானே சுருதி மாற்றும் அமைப்பை உருவாக்கினார். 1990களில் அதை வாங்கித் தன் கிடாரில் பொருத்திக்கொண்டவர்களில் ஜிம்மி பேஜும் ஒருவர். எந்த இயந்திரம் வந்தாலும் முதல் ஆளாக வாங்கிப் பார்த்துவிடுகிறார் மனிதர்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ட்ரானிக்கல் நிறுவனத்தின் கிறிஸ் ஆடம்ஸ் இதை இன்னும் சிறிதாக்கினார். ஒவ்வொரு பிரடைக்குள்ளும் ஒரு குட்டி மோட்டார். 2007 டிசம்பரில் கிப்சன் நிறுவனம் இதைப் பொருத்திய லெஸ் பால் கிடாரை ‘ரோபோ கிடார்’ என்ற பெயரிலேயே வெளியிட்டது. ஒரு குமிழை இழுத்துவிட்டு ஆறு கம்பிகளையும் ஒரு தடவை மீட்டினால் போதும். தலைப்பக்கத்தில் பிரடைகள் ஆளில்லாமல் தானே திரும்பும். பார்க்கக் கொஞ்சம் பேய் பிடித்தது மாதிரி இருக்கும், ஆனால் சுருதி சேர்ந்துவிடும்.

வேண்டியவர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவரை தொல்லை இல்லை. 2015ல் கிப்சன் தன் அமெரிக்கத் தயாரிப்புகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதைக் கட்டாயமாக்கியது. விலையும் ஏறியது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். கையால் திருகியே நாற்பது வருடம் வாசித்தவருக்கு, சார்ஜ் போட வேண்டிய ஒரு பெட்டியைக் கிடாரின் தலையில் கட்டினால் கோபம் வராதா? மறு வருடமே பழைய பிரடையோடு தனி வரிசை ஒன்றைக் கொண்டுவந்து பின்வாங்கினார்கள். நம் சங்கத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி ஸ்மார்ட் பூட்டு போடலாம் என்று ஒரு யோசனை வந்து, பொதுக்குழுவில் என்ன ஆனது என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

2018 மே மாதம் கிப்சன் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கடன் 50 கோடி டாலர் வரை. நியாயமாகச் சொல்வதென்றால் அதற்குப் பிரடை மோட்டார் காரணம் இல்லை. 2014ல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆடியோ பிரிவைக் கடன்பட்டு வாங்கியதுதான் கழுத்தைப் பிடித்தது. கிடார் கம்பெனி என்பதை விட்டுவிட்டு மின்னணு கம்பெனி ஆக ஆசைப்பட்டார்கள். ஆனால் இரண்டு முடிவுகளும் ஒரே மனநிலையிலிருந்து வந்தவை என்பது என் கருத்து. தானே சுருதி சேரும் அமைப்போடு அவர்கள் முன்பு செய்த ஃபயர்பேர்ட் எக்ஸ் என்ற கிடாரின் கதி இன்னும் பரிதாபம். வரிசையாகத் தரையில் அடுக்கிய நூற்றுக்கணக்கான கிடார்கள்மேல் ஒரு கனரக வாகனம் ஏறிப் போகும் வீடியோ 2019ல் உலகம் முழுக்கச் சுற்றியது. பாதுகாப்பற்ற பாகங்கள் கொண்டவை, சரிசெய்ய முடியாதவை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. இருந்தாலும் கேட்கச் சகிக்காத சத்தம் அது.

இதுவரை சொன்னவை எல்லாம் வாசிப்பவரின் கைக்கு ஒத்தாசை செய்தவை. கையே இல்லாமல் வாசிப்பவை வேறு ஜாதி. அந்த மரபு கிடாரைவிடப் பியானோவோடு சேர்ந்தது. 1805 வாக்கில் வியன்னாவில் மெல்செல் என்பவர் குழலும் மேளமும் தானே முழங்கும் பெரிய பெட்டி ஒன்றைக் கட்டினார். அதற்காகவே பேத்தோவன் 1813ல் ஒரு படைப்பைத் தொடங்கினார். பிறகு அந்தப் படைப்பு யாருக்குச் சொந்தம் என்று இருவரும் வழக்காடினார்கள். இந்த வகைப் பெட்டிகளுக்கு ஆர்கெஸ்ட்ரியன் என்று பெயர். ஓட்டை போட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே வாசிக்கும் பியானோ அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வந்தபோது, பாட்டு எழுதியவருக்குச் சுருளுக்காகப் பணம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. மனிதன் படிக்க முடியாத சுருள் நகல் ஆகாது என்று 1908ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மறு வருடம் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, பிரதி ஒன்றுக்கு 2 சென்ட் கொடுக்கச் சொன்னது. அந்த 2 சென்ட் 1978வரை மாறவே இல்லை! பஞ்சப்படி ஏறாத ஊதியம் என்றால் இதுதான்.

ஜாஸ் கிடாரிஸ்ட் பேட் மெத்தனி சிறுவனாக இருந்தபோது தாத்தா வீட்டு அடித்தளத்தில் இப்படி ஒரு பியானோவைப் பார்த்து மணிக்கணக்கில் கிடந்திருக்கிறார். அந்த மயக்கம் வளர்ந்த பிறகும் போகவில்லை. அவர் தேடிப் போன ஆள், நியூயார்க்கின் புரூக்ளினில் 2000ல் லெமர் என்ற இசை ரோபோ குழுவைத் தொடங்கிய எரிக் சிங்கர். சிங்கரும் நண்பர்களும் 2003ல் வெளியிட்ட கிடார்பாட் பார்ப்பதற்குக் கிடார் மாதிரியே இருக்காது. நான்கு நீளச் சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே கம்பி. விரல் வைப்பதற்குப் பதிலாக, ஒரு பட்டையில் ஓடும் மோட்டார் குதிரை ஒன்று கம்பியின் மேல் மேலும் கீழும் நகர்ந்து ஸ்வரத்தை மாற்றும். கம்பியை மீட்டுவது ஒரு சுழலும் சக்கரத்தில் பொருத்திய மீட்டுத் துண்டுகள். கட்டளை கணினியிலிருந்து மிடி என்ற முறையில் வரும். இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983ல் வந்த பொதுமொழி அது. குதிரை வழுக்கி ஓடுவதால் இதன் இயல்பான குரல் ஹவாய் கிடாரின் குரல். 1937ல் காஃப்மன் மோட்டார் வைத்துத் தேடியதும் ஏறக்குறைய இதைத்தானே.

மெத்தனிக்காகச் சிங்கரும் வேறு சில கைவினைஞர்களும் பியானோ, மரிம்பா, முரசுகள், ஜால்ராக்கள், காற்று ஊதும் புட்டிகள் என்று ஒரு மேடையையே நிரப்பினார்கள். 2010 ஜனவரியில் ‘ஆர்கெஸ்ட்ரியன்’ தொகுப்பு வந்தது. அதே வருடம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இவற்றில் அடிக்கும் வேலை செய்வது சாலினாய்டு என்ற பாகம். பயப்பட வேண்டாம், உங்கள் வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. டிங்-டாங் காலிங் பெல்லைத் திறந்து பாருங்கள்: கம்பிச் சுருள், நடுவில் ஒரு இரும்புத் தண்டு. மின்சாரம் பாய்ந்தால் தண்டு பாய்ந்து தகட்டில் இடிக்கும், விட்டால் திரும்பி இன்னொரு தகட்டில் இடிக்கும். காலிங் பெல்லுக்கு மெதுவாக அடிக்கத் தெரியாது. மாமியார் வந்தாலும் கூரியர் வந்தாலும் ஒரே அடிதான். மின்சாரம் பாயும் நேரத்தை மிக நுட்பமாகக் கூட்டிக் குறைத்து மென்மையாகவும் வன்மையாகவும் அடிக்கவைக்க முடிந்த பிறகுதான் மெத்தனியின் ஆசை கைகூடியது.

அந்த மேடையில் நடுவில் கிடாரோடு நிற்பவர் ஒரே மனிதர். முன்பே எழுதிவைத்த பகுதிகளைக் கருவிகள் வாசிக்கும். சில இடங்களில் அவர் கிடாரில் போடும் ஸ்வரமே கட்டளையாக மாறி மற்ற கருவிகளை எழுப்பும். பத்து விரலை இருபது கருவிக்கு நீட்டிய மாதிரி. எனக்கு இதில் ஒரு உறுத்தலும் உண்டு. ஜாஸ் என்பது பக்கத்தில் இருப்பவர் எதிர்பாராமல் ஒன்று சொல்ல, இவர் அதற்குப் பதில் சொல்வது. மிருதங்கக்காரர் ஒரு கணக்கை விட்டு, பாடகர் சிரித்துக்கொண்டே தலையாட்டும் கணம் இருக்கிறதே, அது எதிராளி இல்லாமல் வராது. மெத்தனி மறுபடி மனிதர்களோடு குழு அமைத்துத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

மனிதரே இல்லாத குழுக்களும் வந்தன. ஜெர்மனியின் கம்ப்ரஸர்ஹெட் 2013ல் பிரபலமானது. அதன் கிடாரிஸ்டுக்கு 78 விரல்கள். ஆறு கம்பிக்கு வகுத்தால் கம்பிக்கு 13. நகர வேண்டிய அவசியமே இல்லை. அதே வருடம் ஜப்பானில் வந்த ஸி-மெஷின்ஸ் குழுவின் கிடாரிஸ்டுக்கும் 78 விரல்தான். அதற்காக ஸ்குவேர்புஷர் என்ற இங்கிலாந்து இசைக்காரர் 2014ல் தனியாக இசையே அமைத்தார். யூடியூபில் பாருங்கள், பேரப்பிள்ளைகளுக்குப் பிடிக்கும். நான் இரண்டு பாட்டுக்கு மேல் உட்காரவில்லை.

லிஃப்டில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1980களின் கடைசியில் எங்கள் கிளைக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது. அதற்கு முன்னால் யூனியன் கூட்டங்களில் நாங்கள் பேசாத பேச்சில்லை. மெஷின் வந்ததும் போனது கூட்டல் வேலை, அரையாண்டு வட்டிக்கு இரவு பத்து மணிவரை உட்காரும் வேலை. செக்கில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததும் ‘இது அவர் போட்டதில்லை’ என்று நெருடும் கண் எங்களிடமே இருந்தது. அதே சமயம், எங்களுக்குப் பிறகு அந்த நாற்காலிகளில் பாதி நிரப்பப்படவே இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இசையிலும் இரண்டும் நடக்கிறது. நம் சபாக்களில் பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருந்தவர் இடத்தில் இன்று பல மேடைகளில் ஒரு பெட்டி இருக்கிறது. பெரும்பாலும் அங்கே உட்கார்ந்தவர் சிஷ்யராக இருப்பார். குருவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பாட்டுக் கற்ற இடம் அது. பெட்டி சுருதி கொடுக்கிறது. சிஷ்யர் உட்கார்ந்து கேட்க வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

ஆனால் கையே போனவருக்கு இயந்திரம் என்னவாக இருக்கிறது என்பது தனிக் கதை. பிளாக் சாபத் குழுவின் டோனி அயோமி 17 வயதில் பர்மிங்காமில் ஒரு தகட்டு ஆலையில் வேலை செய்தார். வேலையின் கடைசி நாள், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல்நுனிகள் போயின. இடது கைப் பழக்கம் என்பதால் அவர் கம்பியை அழுத்துவது அந்த வலது கையால்தான். ஆலை மேலாளர், தீக்காயத்தால் இரண்டு விரல் முடங்கியும் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். அயோமி பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிகளுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். ரோபோ இல்லை, மோட்டார் இல்லை. அட்லாண்டாவின் ஜேசன் பார்ன்ஸ் டிரம்ஸ் வாசிப்பவர்; 2012ல் மின்சார விபத்தில் வலது முன்கையை இழந்தார். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கில் வைன்பர்க் அவருக்குச் செய்து கொடுத்த ரோபோ கையில் இரண்டு குச்சிகள். ஒன்று பார்ன்ஸின் தசைக்குக் கட்டுப்படும். இன்னொன்று இசையைக் கேட்டுத் தானே முடிவெடுத்து அடிக்கும். தன் கையிலேயே இன்னொரு வாத்தியக்காரர்!

அதே பல்கலைக்கழகத்தில் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தை வாசிக்க முயலும் வயலின் ரோபோ ஒன்றும் உருவாகியிருக்கிறது. எந்த ஸ்வரம் என்பது இயந்திரத்துக்குச் சுலபம். அந்த ஸ்வரத்துக்கு எந்த வழியாக, எவ்வளவு ஆடிக்கொண்டு போவது என்பதில்தான் அவர்கள் பாடுபடுகிறார்கள்.

கிஸ்மோட்ரானும் செத்துப்போகவில்லை. பிளாஸ்டிக் தொழில்நுட்பம் முன்னேறியபின், அமெரிக்காவில் ஏரன் கிப்னஸ் என்பவர் பழைய கருவிகளைப் பிரித்து ஆராய்ந்து, 2010களில் புதிய சக்கரங்களோடு இரண்டாம் பதிப்பைச் செய்து விற்கத் தொடங்கினார். ஆறு சாவிகள், ஆறு சக்கரங்கள், அதே அமைப்பு.

அந்த 2 சென்ட் ராயல்டியின் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். அதை அடுத்த இதழில் முழுதாக எழுதுகிறேன்.